யூனிக்ஸின் கதை – 17: ஒருவர் நிறுவ, ஊரே பயன்படுத்த

சென்ற இதழில் ஈமேக்ஸ், ஜிசிசி, டெக், பெர்ல் என்று மூலநிரலோடு கைமாறிய மென்பொருள்களைப் பார்த்தோம். நாடாவில் வந்த நிரலுக்கு விலை பெரிதில்லை. ஆனால் வந்தது வந்தபடி ஓடிவிடாது. கம்பைல் செய்ய வேண்டும். இயந்திரத்துக்கு ஏற்ப அங்கங்கே திருத்த வேண்டும். நிரல், கையேடு, துணைக்கோப்பு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். புதிய பதிப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலையை யார் செய்வது, எத்தனை முறை செய்வது? 1985-க்கும் 1995-க்கும் இடையில் யூனிக்ஸ் உலகத்தின் நல்ல மூளைகள் பல இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டின. விடை கண்டவர்களில் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பாதிப்பேர் பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வகங்களிலும் கணினிகளைப் பராமரித்துக்கொண்டிருந்த நிர்வாகிகள். வரலாற்று நூல்களில் அவர்கள் பெயர் அதிகம் வருவதில்லை. இங்கே வரட்டும்.

அதற்கு முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. ஒரு துறைக்கு ஒரு வேக்ஸ் இயந்திரம். எல்லாரும் முனையத்தில் உட்கார்ந்து அதற்குள்தான் நுழைவார்கள். நிர்வாகி ஓர் இரவு விழித்திருந்து /யுஎஸ்ஆர்/லோக்கல் என்ற டைரக்டரியில் ஈமேக்ஸை நிறுவிவிட்டால், காலையில் துறை முழுவதற்கும் ஈமேக்ஸ் கிடைத்துவிடும். இயங்குதளத்தோடு வந்ததை மற்ற இடங்களில் வை, நாமாகச் சேர்த்ததை ‘லோக்கல்’ டைரக்டரியில் வை என்ற பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் நாம் சேர்த்தது அழியாது என்பது அதன் பலன்.

1982இல் தொடங்கிய சன் போன்ற நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைக் கலைத்தன. மேசைக்கு மேசை ஒர்க்ஸ்டேஷன் வந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழு யூனிக்ஸ். நூறு இயந்திரம் இருந்தால் நூறு முறை நிறுவ வேண்டும். நூறு வட்டுகளில் இடம் வேண்டும். வட்டு விலையோ அன்று யானை விலை. இதைவிடப் பெரிய தலைவலி, இயந்திரங்கள் ஒரே வகை இல்லை என்பது. சன்-3இல் மோட்டோரோலா சில்லு. 1987இல் வந்த சன்-4இல் ஸ்பார்க் சில்லு. பக்கத்து அறையில் டெக் நிறுவனத்தின் மைக்ரோவேக்ஸ், அதற்கடுத்த அறையில் ஐபிஎம்மின் ஆர்டி. ஒன்றுக்குக் கம்பைல் செய்தது இன்னொன்றில் ஓடாது.

முதல் விடை சன் நிறுவனத்திலிருந்தே வந்தது. 1985இல் வெளியான என்எஃப்எஸ், வேறோர் இயந்திரத்தின் வட்டில் இருக்கும் டைரக்டரியை நம் இயந்திரத்தின் டைரக்டரி போலவே மவுண்ட் செய்யவிட்டது. ரஸ்ஸல் சாண்ட்பர்க்கும் தோழர்களும் அந்த ஆண்டு போர்ட்லண்டில் நடந்த யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அதன் வடிவமைப்பை விளக்கினார்கள். நெறிமுறையை சன் வெளிப்படையாக வைத்ததால் போட்டி நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. ஒரு சர்வரில் /யுஎஸ்ஆர்/லோக்கல். மற்ற எல்லா இயந்திரங்களிலும் அதே டைரக்டரி மவுண்ட். நூறு முறை என்றிருந்த வேலை, இயந்திர வகைக்கு ஒரு முறை என்று சுருங்கியது.

அன்றைய என்எஃப்எஸ் சர்வர், யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்று எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதனால் சர்வர் விழுந்து எழுந்தாலும் பயனருடைய இயந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வடிவமைப்பாக இது நேர்த்தியானது. ஆனால் சர்வர் விழுந்து கிடக்கும் அந்த அரைமணி நேரம்? ‘என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லவில்லை, தொடர்ந்து முயல்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி திரையில் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் யூனிக்ஸில் வேலை பார்த்த எவருக்கும் அது மறக்காது. சர்வர் திரும்பும்வரை கட்டடமே கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

என்எஃப்எஸ் விட்டுப்போன ஒரு தடயம் இன்று நம் எல்லார் கணினியிலும் இருக்கிறது. வட்டே இல்லாத சன் இயந்திரங்கள் நிறைய விற்றன. அவை இயங்குதளத்தையே சர்வரிலிருந்து எடுத்தன. பத்து இயந்திரங்கள் ஒரே /யுஎஸ்ஆர்-ஐப் பகிர்ந்துகொண்டால் அதற்குள் எந்த இயந்திரமும் எழுதக் கூடாது. ஆனால் அஞ்சல்பெட்டி, அச்சு வரிசை, பதிவேடு ஆகியவை அதுவரை /யுஎஸ்ஆர்-க்குள்தான் இருந்தன. ஆகவே 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0, மாறிக்கொண்டே இருப்பவற்றை /வார் என்ற புது இடத்துக்கு நகர்த்தியது. எந்தச் சில்லுக்கும் பொதுவான கையேடுகளையும் சொல்பட்டியல்களையும் /யுஎஸ்ஆர்/ஷேர் என்று தனியே பிரித்தது. பெர்க்லி யூனிக்ஸும் ஏறத்தாழ இதே வழியில் போனது. 1994இல் லினக்ஸுக்கு டைரக்டரித் தரம் எழுதியவர்கள் இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்று ஒரு மடிக்கணினி எதையும் யாரோடும் பகிராவிட்டாலும் அதில் /யுஎஸ்ஆர்/ஷேர் இருக்கிறது. எது எல்லாருக்கும் பொது, எது இந்தச் சில்லுக்கு உரியது, எது இந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும் உரியது: இந்த மூன்று கேள்விகளைத் தெளிவாகக் கேட்டதுதான் அந்தத் தலைமுறையின் பெரிய சாதனை என்பேன்.

பிட்ஸ்பர்க்கில்

என்எஃப்எஸ் ஒரு துறைக்குப் போதும். ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும்? பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1982இல் ஐபிஎம்முடன் ஓர் ஒப்பந்தம் செய்து, ஜேம்ஸ் மாரிஸ் தலைமையில் ஒரு தகவல் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கியது. திட்டத்தின் பெயர் ஆண்ட்ரூ. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் இருவருக்கும் பொதுவான முதற்பெயர். இலக்கு 5,000-க்கும் மேற்பட்ட ஒர்க்ஸ்டேஷன்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு முறைமை. வளாகத்தில் எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும் அதே கோப்புகள், அதே மென்பொருள்கள்.

இந்தக் கோப்பு முறைமையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் 1975இல் இளநிலையும் 1977இல் முதுநிலையும் முடித்து, கார்னகி மெலனில் 1983இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1981இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவர் கோப்புகளின் அளவையும் ஆயுளையும் அளந்து பார்த்திருந்தார். பெரும்பாலான கோப்புகள் சிறியவை. எழுதப்படுவதைவிடப் படிக்கப்படுவது அதிகம். படிப்பவர்கள் பெரும்பாலும் முழுக்கோப்பையும் படிக்கிறார்கள். கட்டுவதற்கு முன் அளந்து பார்க்கும் இந்தப் பழக்கம்தான் ஆண்ட்ரூவைக் காப்பாற்றியது.

என்எஃப்எஸ் கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கும். ஆண்ட்ரூ, கோப்பைத் திறந்தவுடன் முழுக்கோப்பையும் பயனரின் இயந்திரத்து வட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. பிறகு படிப்பதெல்லாம் உள்ளூர் வட்டிலிருந்துதான். மைய மென்பொருளுக்கு இது கச்சிதமான ஏற்பாடு. டெக் நிரலைக் காலையில் ஒருமுறை இழுத்துவிட்டால் மாலைவரை சர்வரைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

ஏட்டில் அப்படி. முதல் வடிவத்தை ஏறத்தாழ 100 ஒர்க்ஸ்டேஷன்கள், 400 பயனர்கள், 6 சர்வர்களோடு ஓட்டிப் பார்த்தபோது சர்வர்கள் திணறின. எதில் திணறுகின்றன என்று குழு எண்ணிப் பார்த்தது. சர்வருக்கு வந்த அழைப்புகளில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது, கோப்பைக் கேட்கவே இல்லை. ‘என்னிடம் இருக்கும் பிரதி இன்னும் செல்லுமா?’, ‘இந்தக் கோப்பின் விவரம் என்ன?’ என்று விசாரிக்க மட்டுமே வந்தவை. கோப்பைக் கொண்டுவருவதும் திருப்பி எழுதுவதும் சேர்த்தே நூற்றுக்கு ஏழைத் தொடவில்லை.

இரண்டாம் வடிவம் இந்த விசாரிப்பை ஒழித்தது. கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர் ஒரு வாக்கும் கொடுக்கும்: ‘இது மாறினால் நானே சொல்லி அனுப்புகிறேன், அதுவரை நீ கேட்க வேண்டாம்.’ ரேஷன் கடைக்குத் தினமும் நடந்து ‘சர்க்கரை வந்துவிட்டதா?’ என்று கேட்பதை நிறுத்தி, வந்ததும் கடைக்காரரே ஆள் அனுப்புவது போல. மைய மென்பொருள் மாதத்துக்கு ஒருமுறை மாறினால், மாதத்துக்கு ஒரு செய்திதான் போகும். சர்வர் நினைவில் வைக்க வேண்டியது கூடியது உண்மைதான். ஆனால் சுமை தலைகீழாகக் குறைந்தது. 1988இல் ஜான் ஹவர்ட், மைக்கேல் கேஸர், சத்யநாராயணன் முதலியோர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்த எண்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தங்கள் முதல் வடிவம் எங்கே சறுக்கியது என்று அட்டவணை போட்டுக் காட்டிய கட்டுரை அது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று.

மென்பொருள் பகிர்வைப் பொறுத்தவரை ஆண்ட்ரூவில் எனக்கு இன்னும் பிடித்தவை இரண்டு சின்ன ஏற்பாடுகள். முதலாவது, கோப்புகளைத் தொகுதிகளாகக் கட்டி, ஒரு தொகுதிக்குப் படிக்க மட்டுமான பிரதிகளைப் பல சர்வர்களில் வைப்பது. நிர்வாகி, எழுதக்கூடிய மூலத்தொகுதியில் புதிய ஈமேக்ஸை நிறுவுவார், ஓட்டிப் பார்ப்பார், குறைகளைச் சரிசெய்வார். அதுவரை வளாகத்தில் யாருக்கும் எதுவும் மாறாது. பிறகு ஒரே கட்டளையில் வெளியிடுவார். எல்லாப் பிரதிகளும் புதுப்பிக்கப்படும். பாதி நிறுவிய மென்பொருளை யாரும் தொட்டுவிடும் ஆபத்து இல்லை. ஒரு சர்வர் விழுந்தாலும் இன்னொரு பிரதி கைகொடுக்கும்.

இரண்டாவது, பாதையில் வரும் ‘@சிஸ்’ என்ற குறி. கோப்பின் பாதையில் இந்தச் சொல் வந்தால், அவரவர் இயந்திரம் தன் வகையின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளும். பயனர் சொல்வது ஒரே பாதை. வேக்ஸில் உட்கார்ந்தவருக்கு வேக்ஸ் நிரல் வரும், சன்னில் உட்கார்ந்தவருக்கு சன் நிரல் வரும். எந்தச் சில்லு என்ற கவலை பயனருக்கு வேண்டியதில்லை.

ஆண்ட்ரூ கோப்பு முறைமை பின்னாளில் ஏஎஃப்எஸ் என்று பெயர் பெற்றது. அதை உருவாக்கியவர்கள் சிலர் 1989இல் டிரான்ஸார்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐபிஎம் அதை வாங்கியது. 2000இல் நிரலைத் திறந்துவிட, ஓப்பன்ஏஎஃப்எஸ் பிறந்தது. அதற்கு வெகு முன்பே கார்னகி மெலனும் எம்.ஐ.டி.யும் இன்னும் பல நிறுவனங்களும் /ஏஎஃப்எஸ் என்ற ஒரே வேரின் கீழ் தத்தம் கிளைகளோடு இணைந்தன. பிட்ஸ்பர்க்கில் இருப்பவர், எம்.ஐ.டி. அனுமதித்தால், பாஸ்டன் பக்கத்து நிரலை அங்கிருந்தே ஓட்டலாம். இணையதளங்கள் வருவதற்கு முந்தைய காலம் அது. சத்யநாராயணன், கேஸர், ஹவர்ட் உள்ளிட்ட எட்டுப் பேருக்கு 2016ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது இதற்காகக் கிடைத்தது. முப்பது ஆண்டுத் தாமதம். ஆனாலும் தகுதியானவர்களுக்கே போனது.

யாருடைய பெட்டகம்?

எம்.ஐ.டி. தன் அதீனா திட்டத்தை 1983 மே மாதம் அறிவித்தது. டெக், ஐபிஎம் நிறுவனங்கள் இரண்டும் உடன் நின்றன. திட்டம் 1991வரை நடந்தது. எக்ஸ் விண்டோவும் கெர்பரோஸும் அங்கே பிறந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். இங்கே சொல்ல வேண்டியது ‘லாக்கர்’ என்ற ஏற்பாட்டை.

அதீனாவின் பொதுக்கூடங்களில் இருந்த இயந்திரங்களை யாரும் நம்பவில்லை. அவற்றின் ரூட் கடவுச்சொல்லே மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒன்று. தெரிந்தால்தான் என்ன? இயந்திரத்தில் மதிப்புள்ள எதுவும் இல்லை. எல்லாம் சர்வரில், கெர்பரோஸ் காவலில். மென்பொருள்களும் அப்படியே. ஒவ்வொரு மென்பொருளுக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் சர்வரில் ஒரு லாக்கர். எந்த லாக்கர் எந்த சர்வரில் இருக்கிறது என்பதை ஹீசியட் என்ற பெயர்ச்சேவை சொல்லும். பயனர் ‘ஆட்’ என்று அடித்து, லாக்கரின் பெயரையும் அடித்தால் போதும். லாக்கர் அந்த இயந்திரத்தோடு இணையும், அதிலுள்ள கட்டளைகள் அவருடைய தேடுபாதையில் சேரும். சர்வரை மாற்றினாலும் ஹீசியட்டில் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. ஆயிரம் இயந்திரங்களில் எதையும் தொட வேண்டாம். ஆயிரம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. 1988இல் வின் ட்ரீஸ் யூஸ்னிக்ஸில் படித்த கட்டுரையின் தலைப்பிலேயே அந்த 1,000 இருக்கிறது.

தொழில்நுட்பத்தைவிட முக்கியமான ஒன்று லாக்கருக்குள் இருந்தது: உரிமை. லாக்கரில் எழுதும் அனுமதி அதன் பொறுப்பாளருக்கு. அவர் திட்டத்தின் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் 1969 முதல் இருக்கும் எஸ்ஐபிபி என்ற மாணவர் கணினிச் சங்கம் தனக்கென லாக்கர் வைத்துக்கொண்டு, அதீனா ஊழியர்கள் ஏற்றுக்கொள்ளாத கட்டற்ற மென்பொருள்களைக் கம்பைல் செய்து வளாகம் முழுவதற்கும் தந்தது. பாடங்களுக்கு இடையில், சம்பளமில்லாமல், மாணவர்கள் செய்த வேலை இது. ஒரு மாணவர் நிறுவுவதைப் பல்லாயிரம் பேர் ஓட்டுவார்கள் என்றால் அதில் ஆபத்தும் உண்டு. அதற்காகவே, லாக்கரில் இருக்கும் நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓட இயல்பில் இடம் தரப்படவில்லை. ஏஎஃப்எஸ்ஸும் அயல் கிளைகளிலிருந்து வரும் நிரல்களை அப்படியே நடத்தியது. நம்பிக்கைக்கு இடம் கொடுத்து, அதற்கு ஓர் எல்லையும் போட்ட இந்த ஏற்பாடு எனக்கு மிக முதிர்ச்சியானதாகத் தெரிகிறது.

டிப்போ

எம்.ஐ.டி.க்கும் கார்னகி மெலனுக்கும் பின்னால் ஐபிஎம் இருந்தது. பணமும் ஆளும் இல்லாத இடங்களில் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் 1990 அக்டோபரில், கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய லைசா என்ற நிர்வாகிகள் மாநாட்டில் பதில் வந்தது. மேரிலாந்தின் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள நிஸ்ட், அதாவது அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த கென் மேன்ஹைமர், பேரி வார்சா, ஸ்டீஃபன் கிளார்க், வால்ட்டர் ரோ நால்வரும் ‘தி டிப்போ’ என்று ஒரு கட்டுரை படித்தார்கள். வெவ்வேறு குழுக்களுக்கு நடுவிலும் வெவ்வேறு யூனிக்ஸ் வகைகளுக்கு நடுவிலும் மென்பொருளை எப்படிப் பகிர்வது என்பதே பொருள். புதிய கோப்பு முறைமை எதையும் அவர்கள் எழுதவில்லை. கையில் இருந்த என்எஃப்எஸ்ஸையும், தேவைப்படும்போது தானே மவுண்ட் செய்யும் நிரலையும் வைத்துக்கொண்டு, ஓர் ஒழுங்கை மட்டும் வகுத்தார்கள்.

பழைய /யுஎஸ்ஆர்/லோக்கலின் கோளாறு என்ன? நூறு மென்பொருள்களின் நிரல்களும் ஒரே ‘பின்’ டைரக்டரியில் கலந்து கிடக்கும், நூலகங்கள் ஒரே ‘லிப்’பில், கையேடுகள் ஒரே ‘மேன்’னில். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றை நீக்க வேண்டும் என்றால் எந்தக் கோப்பு யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. நிறுவியவர் வேலை மாறிப் போயிருப்பார். டிப்போ இதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் /டிப்போவின் கீழ் தனி டைரக்டரி. அதன் கோப்புகள் அனைத்தும் அதற்குள். எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானவை ஒருபுறம், சில்லுக்குச் சில்லு மாறுபவை மறுபுறம். ஈமேக்ஸ் ஒரு குழுவின் சர்வரில் இருக்கலாம், டெக் இன்னொரு குழுவின் சர்வரில் இருக்கலாம். பயனருக்கு எல்லாம் ஒரே /டிப்போ. ஒரு குழு ஒன்றைப் பேணும். பதிலுக்கு மற்ற குழுக்கள் பேணுபவற்றை எடுத்துக்கொள்ளும்.

நிஸ்ட்டின் அந்த நிர்வாகிகள் இதோடு நிற்கவில்லை. 1994 நவம்பரில் பைதான் மொழியின் முதல் பட்டறை நடந்தது நிஸ்ட்டில்தான். பேரி வார்சா பிறகு பைதான் உருவாக்கத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். பகிர்ந்து பேணும் பழக்கம் உள்ளவர்கள் அடுத்த வேலையிலும் அதையே செய்கிறார்கள்.

டிப்போவில் ஒரு சங்கடம் மிஞ்சியது. மென்பொருளுக்கு ஒரு டைரக்டரி என்றால் பயனரின் தேடுபாதை அனுமார் வால் போல நீளும். கார்னகி மெலனின் வாலஸ் கோல்யரும் வால்ட்டர் வாங்கும் 1992இல் இதே பெயரில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். தனித்தனித் தொகுப்புகளை ஒரே டைரக்டரி மரமாகக் கோத்துத் தருவது அது. என்ன கோத்தோம் என்பதைத் தன் தரவுக்கோப்புகளில் குறித்துவைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து, இன்னும் எளிமையாகச் செய்யலாமே என்று பாப் கிளிக்ஸ்டைன் 1993இல் பெர்லில் எழுதியதுதான் ‘ஸ்டோ’. பிறகு குனூ திட்டத்தில் சேர்ந்தது.

ஸ்டோ செய்வதைக் கிட்ட நின்று பார்ப்போம். ஈமேக்ஸை /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ/ஈமேக்ஸ்-19 என்ற டைரக்டரியில் நிறுவுகிறோம். அதற்குள் அதற்கே உரிய ‘பின்’, ‘லிப்’, ‘மேன்’ இருக்கின்றன. பிறகு ஸ்டோவை ஓட்டினால், /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் டைரக்டரியில் ‘ஈமேக்ஸ்’ என்ற பெயரில், உண்மைக் கோப்பைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் வந்து உட்காரும். கையேட்டுக்கும் அப்படியே. பயனரின் தேடுபாதையில் ஒரே ஒரு டைரக்டரிதான். புதிய பதிப்பு வந்தால் பழையதை ஸ்டோவிலிருந்து விலக்கி, புதியதைச் சேர்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பலாம். எந்தக் கோப்பு யாருடையது என்ற கேள்விக்கு சிம்லிங்க்கே பதில். தனியாகக் கணக்குப் புத்தகம் வேண்டாம். அந்த இடத்தில் வேறு யாருடைய கோப்பாவது இருந்தால் ஸ்டோ அதைத் தொடாமல் நின்று சொல்லிவிடும்.

ஒரு நுணுக்கம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஈமேக்ஸ் போன்ற நிரல்கள் தம் துணைக்கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கம்பைல் செய்யும்போதே தமக்குள் பொதித்துக்கொள்கின்றன. ஆகவே கம்பைல் செய்யும்போது ‘நீ /யுஎஸ்ஆர்/லோக்கலில் இருக்கப்போகிறாய்’ என்று சொல்ல வேண்டும். கோப்புகளை இறக்கும்போது மட்டும் ‘ஸ்டோ டைரக்டரியில் வை’ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டால், பழைய பதிப்பை நீக்கிய அன்று ஏதோ ஒன்று உடையும். ஸ்டோவின் கையேடு இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்குகிறது.

இதே ஆண்டுகளில் மைய நிறுவலின் தேவை பலமடங்கானதற்கு ஒரு காரணம் உண்டு. 1992இல் வந்த சோலாரிஸ் 2-ஓடு சன் நிறுவனம் சி கம்பைலரைச் சேர்த்துத் தரவில்லை. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நிர்வாகிகள் ஜிசிசியை நாடினார்கள். அதுவரை ஆர்வலர்களின் விருப்பமாக இருந்த மைய நிறுவல், அன்றிலிருந்து அன்றாடத் தேவையாகிவிட்டது.

ஒரே சமயத்தில் இரண்டு பதிப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டோ போதாது. ஓர் ஆய்வாளரின் நிரலுக்குப் பழைய கம்பைலர், இன்னொருவருக்குப் புதியது. அதற்கு ஜான் ஃபர்லானி 1991இல் சான் டியாகோ லைசா மாநாட்டில் ‘மாட்யூல்ஸ்’ என்ற வழியைக் காட்டினார். ‘மாட்யூல் லோட்’ என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தால் தேடுபாதை, கையேட்டுப் பாதை, நூலகப் பாதை எல்லாம் அந்தப் பதிப்புக்கு மாறும். ‘அன்லோட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்பும். யூனிக்ஸில் ஒரு நிரல், தன்னை ஓட்டிய ஷெல்லின் சூழலை நேரடியாக மாற்ற முடியாது. ஆகவே மாட்யூல்ஸ் மாற்றங்களை ஷெல் கட்டளைகளாக எழுதித் தரும்; ஷெல் அவற்றைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். எளிய உத்தி. இன்று உலகத்தின் பெரும்பாலான மீக்கணினிகளில் ஆய்வாளர்கள் முதலில் கற்கும் கட்டளை இதுவே.

1990களின் நடுவில் வட்டு மலிந்தது. இயந்திரத்துக்கு இயந்திரம் தானே நிறுவிக்கொள்ள உதவும் பொதிமேலாளர் மென்பொருள்கள் வந்தன. பகிர்ந்த /யுஎஸ்ஆர் சாதாரண அலுவலகங்களிலிருந்து மெல்ல மறைந்தது. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் ஒரே நிரலை ஓட்டும் இடங்களில் மட்டும் அது போகவில்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துகள் மோதலின் தரவுகளைக் கணிக்க 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள். அங்கெல்லாம் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு வேண்டும். யாக்கோப் புளோமரும் குழுவினரும் உருவாக்கிய சிவிஎம்எஃப்எஸ் அதைச் செய்கிறது. எழுதுவது ஒரே இடத்தில். வெளியிடுவது ஒரே கட்டளையில். மற்ற எல்லாருக்கும் படிக்க மட்டும் அனுமதி. கேட்ட கோப்பு மட்டும் வந்து உள்ளூர் வட்டில் தங்கும். பயணம் மட்டும் சாதாரண எச்டிடிபி வழியில். ஆண்ட்ரூவைப் படித்தவர்களுக்கு இதில் ஒவ்வொரு வரியும் பழக்கமானதாக இருக்கும்.

அந்தப் பத்தாண்டுகளின் கருவிகளில் பாதி இன்று ஓடவில்லை. ஓடாதவற்றிலும் பிழைத்தது ஒழுங்கு: ஒரு மென்பொருளுக்கு ஒரு டைரக்டரி, பெயரில் பதிப்பு எண், சோதித்த பிறகே வெளியீடு, எழுதும் அனுமதி ஒரு பொறுப்பாளருக்கு. கம்பியையும் நெறிமுறையையும்விட, ‘இதை யார் பேணுகிறார்?’ என்ற கேள்விக்குப் பெயர் சொல்லி விடை வைத்திருந்த இடங்களே நன்றாக நடந்தன என்பது என் தீர்ப்பு.

கல்லூரிக் கணினிக்கூடங்களில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது லினக்ஸ் இயந்திரங்களில் நாற்பது முறை நிறுவிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். என்எஃப்எஸ் லினக்ஸிலேயே இருக்கிறது. ஸ்டோவும் மாட்யூல்ஸும் இலவசம். ஒரு பழைய சர்வரும் இரண்டு நாள் உழைப்பும் போதும். செய்யும்போது ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு மாணவரின் பெயரைப் பொறுப்பாளராக எழுதி வையுங்கள். அவர் படிப்பு முடித்துப் போகும்போது அடுத்தவர் பெயரை எழுதுங்கள்.

அடுத்த இதழில், டெபியனும் ரெட் ஹேட்டும் பொதிமேலாளர்களை உருவாக்கிய கதை.

(தொடரும்)